எதிரியை எண்ணுதல்

1955-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மாஸ்கோவை அடுத்த துஷினோ விமானத் திடலில் சோவியத் விமானப் படையினர் நடத்திய அணிவகுப்பை அயல்நாட்டுத் தூதரகங்களைச் சேர்ந்த ராணுவ அதிகாரிகள் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில், 'பைசன்' என்று மேல்நாட்டார் பெயரிட்டிருந்த புதிய நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் பத்து ஓர் அணியாக வந்து மறைந்தன. சற்றுப் பொறுத்து மற்றோர் அணி வந்தது, அதில் பதினெட்டு. பார்த்தவர்கள் இரண்டையும் கூட்டி இருபத்தெட்டு என்று தங்கள் தலைநகருக்கு எழுதினார்கள். முதலில் போன பத்தும் கண்மறைவில் வட்டமிட்டுத் திரும்பி, வேறு எட்டையும் துணை சேர்த்துக்கொண்டு மறுபடியும் வந்தன என்ற செய்தி பின்னாளில்தான் வெளியாயிற்று. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் நாலு சிப்பாய்கள் திரைக்குப் பின்னால் ஓடி மறுபக்கமாக வந்து வந்து பெரும் சேனையாகக் காட்சி தரும் உபாயத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை. சில ஆண்டுகளில் ருஷ்யாவிடம் இத்தகைய விமானங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும் என்று அவர்கள் கணித்தார்கள். அந்தப் பீதியில் அமெரிக்கா தன்னுடைய பி-52 விமானங்களின் உற்பத்தியை விரைவுபடுத்தி, முடிவில் 744 விமானங்களைக் கட்டி முடித்தது. பைசன் விமானமோ, கடைசிவரை கட்டப்பட்டவை அனைத்தையும் கூட்டினாலும் நூற்றுச் சொச்சந்தான்.

தமிழில் எண்ணுதல் என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் நினைத்தல் என்றும் இரண்டு பொருள் உண்டு. அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திய அணு ஆயுதப் போட்டியின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும், முதற்பொருளில் எண்ண முடியாதபோதெல்லாம் இரண்டாம் பொருளில் எண்ணிக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சித்தாந்த விரோதமும், தலைவர்களின் அகங்காரமும், ஆயுதத் தொழிலில் லாபம் கண்டவர்களின் செல்வாக்கும் இப்போட்டியை வளர்த்தன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவாகக் கவனிக்கப்படாத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இடத்துக்கு எதிரியின் பார்வை எட்டவில்லையோ அந்த இடத்தில்தான் போட்டி உக்கிரமாக நடந்தது. பார்வை அங்கே எட்டியதும், வேறோர் இருட்டைத் தேடிக்கொண்டு போயிற்று.

தொடக்கத்திலேயே இரு தரப்பாரின் கண்களும் சமமாக இல்லை. 1945 ஜூலை 24 அன்று போட்ஸ்டாம் மாநாட்டில், அசாதாரணமான அழிவுச் சக்தி படைத்த புதிய ஆயுதம் ஒன்று தங்களிடம் இருப்பதாக ட்ரூமன் ஸ்டாலினிடம் சாவதானமாகச் சொன்னபோது, ஸ்டாலின் அதைப் பெரிதுபடுத்தாமல் கேட்டுக்கொண்டதைக் கண்டு, விஷயத்தின் கனம் அவருக்குப் புரியவில்லை என்று அருகிலிருந்தவர்கள் நினைத்தார்கள். லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலைக்குள்ளேயே இருந்த கிளாவுஸ் ஃபுக்ஸ் போன்றவர்கள் மூலம் அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. மறுபுறம், ருஷ்யாவின் அணுகுண்டு வேலை நடந்த சாரோவ் என்னும் ஊர் பூகோளப் படங்களிலிருந்தே அழிக்கப்பட்டு, 'அர்ஸமாஸ்-16' என்ற அஞ்சல் முகவரியாக மாறியிருந்தது. யுத்தத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களைப் பறிகொடுத்து, மேற்குப் பிராந்தியம் முழுவதும் சாம்பலாகிக் கிடந்த ஒரு தேசத்துக்கு, தன் பலவீனத்தைப் பிறர் அறியாமல் மறைப்பதுதான் இருந்த ஒரே கவசம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே 1946 ஜூனில் ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்காவின் சார்பில் பெர்னார்டு பரூக் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, சர்வதேசப் பரிசோதனையும் கட்டுப்பாடும் முதலில் ஏற்படட்டும், குண்டுகளை அதன்பின் ஒழிக்கலாம் என்றபோது, ருஷ்யத் தரப்பில் குரோமிக்கோ, குண்டுகளை முதலில் ஒழியுங்கள், பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொடுப்பதற்குமுன் பார்க்க வேண்டும் என்றான் ஒருவன்; பார்ப்பதற்குமுன் கொடுக்க வேண்டும் என்றான் மற்றவன். அடுத்த நாற்பது ஆண்டுகளின் பேச்சு வார்த்தைகள் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு எழுதப்பட்ட வியாக்கியானங்களே.

ருஷ்யாவின் முதல் அணுகுண்டு பெரும்பாலும் 1953-ஆம் ஆண்டு மத்தியில் வரக்கூடும் என்று அமெரிக்க உளவு ஸ்தாபனம் கணித்திருந்தது. அது 1949 ஆகஸ்டு 29 அன்றே செமிபலாட்டின்ஸ்க் புல்வெளியில் வெடித்துவிட்டது. செப்டம்பர் 3 அன்று ஜப்பானிலிருந்து அலாஸ்காவுக்குப் பறந்த ஒரு வானிலை விமானத்தின் வடிகட்டித் தாளில் படிந்த கதிரியக்கத் துகள்களே சாட்சியாயின. அமெரிக்கர்கள் ருஷ்யாவின் ஆயுதத்தை நேரிற் கண்டறிந்தது இதுவே முதல் தடவை. கண்டது குண்டையன்று, அதன் புழுதியை. நான்கு ஆண்டுக் கணக்குப் பிழைத்த அதிர்ச்சியில், இனி எதிரியின் திறமையைக் குறைத்து மதிப்பதில்லை என்ற பிரதிக்ஞை வாஷிங்டனில் ஊறிப்போயிற்று. ஓப்பன்ஹைமர் தலைமையில் இருந்த விஞ்ஞானிகளின் ஆலோசனைக் குழு ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தும், 1950 ஜனவரி 31 அன்று ட்ரூமன், ருஷ்யர்களால் அதைச் செய்ய இயலுமா என்று கேட்டு, இயலும் என்ற விடை வந்ததும், ஏழே நிமிஷத்தில் கூட்டத்தை முடித்துக்கொண்டார். தன்னால் எதிரியை அளக்க இயலாதபோது, எதிரியால் இயலக்கூடியதே அளவுகோலாகிவிடுகிறது.

அந்த ஆயுதத்தின் வலிமையை அதைச் செய்தவர்களாலேயே எண்ண முடியவில்லை என்பது வேறு. 1954 மார்ச் முதல் தேதி பிகினித் தீவில் வெடித்த குண்டு, கணித்ததைப்போல் இரண்டரை மடங்காக, 15 மெகாடன் வலிமையோடு வெடித்து, ஜப்பானிய மீன்பிடி படகொன்றில் இருந்த 23 பேர்மீது கதிரியக்கச் சாம்பலைப் பொழிந்தது. குண்டுச் சோதனைகளையாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்று அடுத்த மாதமே நேரு கேட்டுக்கொண்டார்.

ஐஸன்ஹோவர் படைத்தலைவராக இருந்தவர். எதிரியின் இருப்பை அறியாமல் செய்யும் ஏற்பாடுகள் எவ்வளவு விரயமானவை என்று அனுபவத்தில் கண்டவர். 1955 ஜூலை 21 அன்று ஜெனீவாவில் அவர் ஒரு யோசனை சொன்னார்: இரு நாடுகளும் தத்தம் ராணுவ நிலையங்களின் வரைபடங்களை மாற்றிக்கொள்ளட்டும், ஒருவர் வானத்தில் மற்றவர் விமானம் பறந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். அவர் பேசி முடித்த கணத்தில் பெரிய இடி இடித்து மண்டபத்து விளக்குகள் அணைந்துபோயின என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இது வேவு பார்ப்பதற்கு நல்ல பெயர் சூட்டுவதன்றி வேறில்லை என்று குருஷ்சேவ் தள்ளிவிட்டார். அனுமதி கேட்டுக் கிடைக்காததை அமெரிக்கா அனுமதியின்றி எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு ஜூலை 4 முதல், 70,000 அடி உயரத்தில் பறக்கும் யூ-2 விமானங்கள் ருஷ்ய வானத்துள் புகுந்தன. முதல் நாளே ருஷ்ய ராடார்கள் அவற்றைக் கண்டுகொண்டன. ஆனால் சுட்டு வீழ்த்தும் ஆற்றல் இல்லாத அவமானத்தை ஊரறியச் சொல்ல குருஷ்சேவுக்கு மனமில்லை. பைசன் விமானங்களின் உண்மைக் கணக்கை அறிந்துகொண்ட ஐஸன்ஹோவரோ, அறிந்த வழியை வெளியிடாமல் அதைத் தம் ஜனங்களுக்குச் சொல்ல இயலாமல் தவித்தார். வேவு பார்த்தவனுக்கும் பார்க்கப்பட்டவனுக்கும் தெரிந்த இந்த ரகசியம், இரு நாட்டுக் குடிகளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும் விமானப் பீதி ஏவுகணைப் பீதியாயிற்று. தொழிற்சாலையில் கொத்துக்கறிக் குழல்கள் வந்து விழுவதுபோலத் தங்கள் நாட்டில் ஏவுகணைகள் வந்து விழுகின்றன என்று குருஷ்சேவ் பெருமையடித்துக்கொண்டார். உண்மையில் அவருடைய ஆர்-7 ஏவுகணை, திரவ ஆக்ஸிஜனை நிரப்பிப் புறப்படச் செய்வதற்கே பல மணி நேரம் பிடிக்கும் ஒரு ராட்சஸ வாகனம். விண்வெளிக்குச் செல்ல உத்தமமானது, யுத்தத்துக்கு ஏறக்குறைய உதவாதது. ருஷ்யா முன்னேறிவிட்டது, நம்முடைய அரசாங்கம் தூங்குகிறது என்பதை 1960-ஆம் ஆண்டுத் தேர்தலில் கென்னடி ஒரு முழக்கமாகவே ஆக்கினார். அதே ஆண்டு மே முதல் தேதி ஸ்வெர்ட்லாவ்ஸ்க் அருகே யூ-2 விமானம் ஒன்று சுடப்பட்டு விமானி பிடிபட்டதோடு அந்தக் கண் மூடிக்கொண்டது. ஆகஸ்டில் அதைவிடப் பெரிய கண் திறந்தது. 'கொரோனா' என்ற மறைபெயர் கொண்ட செயற்கைக்கோள், படச்சுருளை ஒரு கூண்டில் வைத்து விண்ணிலிருந்து கீழே போட, பாராசூட்டில் மிதந்து வந்த அதனைப் பசிபிக் கடலுக்கு மேல் ஒரு விமானம் கொக்கி வைத்துப் பிடித்தது. நான்கு ஆண்டு யூ-2 பயணங்கள் அனைத்தும் படமெடுத்த நிலப்பரப்பைவிட அதிகப் பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது. ரயில்பாதை இல்லாமல் ஆர்-7 ஏவுகணையை எங்கும் கொண்டு செல்ல முடியாது. ஆகவே ரயில்பாதைகளைத் தொடர்ந்து தேடினார்கள். பிளெசெட்ஸ்கில் அதற்கென அமைந்த ஏவுதளங்கள் நாலே நாலு.

ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சோதிக்க வேண்டும் என்றும், ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்றும் அரசனுக்கு உபதேசிக்கிறார். வாஷிங்டனில் ஒற்றர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவரவர் எண்ணிக்கை அவரவர் இலாகாவின் தேவையை ஒட்டி அமைந்தது. 1961 ஜூன் மாதத்து மதிப்பீட்டில், ருஷ்யாவிடம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கான தளங்கள் 50 முதல் 100 வரை இருக்கலாம் என்றது மத்திய உளவு ஸ்தாபனம். தனக்கே புதிய ஏவுகணைகள் வேண்டியிருந்த விமானப் படை 120 என்றது. அந்தப் பணத்தில் பங்கு இழக்கவிருந்த தரைப்படையும் கடற்படையும் ஒரு சிலவே என்றன. செப்டம்பரில், படங்களைப் பார்த்தபின், கணக்கு 10 முதல் 25 வரை என்று சுருங்கிற்று. தரைப்படையும் கடற்படையும் சொன்னது ஞானத்தினால் சொன்னதென்று யாரும் வாதிக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது நியாயம்: கண் திறந்தபின் போட்டி தணிந்ததா? தணியவில்லை. எதிரியிடம் இருந்த ஏவுகணைகள் சிலவே என்று தெரிந்திருந்தும் அமெரிக்கா 1,000 மினிட்மேன் ஏவுகணைகளை நிலத்தடியில் நிறுத்தியது. எதிரியிடம் இன்று இருப்பதைப் படமெடுக்கலாம். நாளை அவன் செய்ய நினைப்பதை எந்தக் கேமராவும் எடுக்காது. ருஷ்யாவின் திட்டங்களை அறியாததனால் தேவைக்கு மேற்பட்ட படையைக் கட்டிவிட்டோம் என்று, அதைக் கட்டிய பாதுகாப்பு மந்திரி மக்னமாராவே 1967 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒப்புக்கொண்டார். பார்வை இன்னொரு விபரீதத்தையும் விளைத்தது. 1961 அக்டோபரில் துணை மந்திரி கில்பாட்ரிக், ருஷ்யாவின் பலம் எவ்வளவு என்பது தங்களுக்குத் தெரியும் என்பதைப் பகிரங்கமாகவே உணர்த்தினார். பார்த்தவனுடைய பயம் தெளிந்தது. பார்க்கப்பட்டவனுடைய பயம் பெருகிற்று. இரவல் சால்வை இழுக்கப்பட்டவனைப்போல் சபை நடுவே நின்ற குருஷ்சேவ், நீண்டதூர ஏவுகணைகள் போதாத குறையை நடுத்தர தூர ஏவுகணைகளைக் கியூபாவில் கொண்டுபோய் வைத்து ஈடுகட்ட முயன்றதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். 1962 அக்டோபர் 14 அன்று யூ-2 எடுத்த படங்களில் அந்த ஏவுகணைகள் துல்லியமாகத் தெரிந்தன. தெரியாதவை வேறு இருந்தன. தீவில் ருஷ்யப் போர்வீரர்கள் சுமார் 10,000 பேர் என்று நினைத்தார்கள். இருந்தவர்கள் 40,000 பேருக்கு மேல். படையெடுத்து வருவோரைக் கடற்கரையிலேயே பொசுக்கத்தக்க சிறிய அணு ஆயுதங்களும் அவர்களிடம் இருந்தன என்பதை, அந்நாட்களில் வெள்ளை மாளிகையில் இருந்த மக்னமாரா, முப்பது ஆண்டுகள் கழித்து 1992-இல் ஹவானாவில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் தெரிந்துகொண்டார்.

அந்த நெருக்கடிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, செப்டம்பர் கடைசியில், 83 வயதான ராஜாஜி, காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி வாஷிங்டனுக்குச் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியிடம் நேரில் வேண்டினார். சந்திப்பு குறித்த நேரத்தைக் கடந்து நீண்டது. மறு ஆண்டு ஆகஸ்டு 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கை, காற்றுவெளியிலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் சோதனைகளைத் தடுத்தது, பூமிக்கடியில் தடுக்கவில்லை. காரணம் பழைய காரணந்தான். நிலத்தடி வெடிப்பையும் பூகம்பத்தையும் பிரித்தறிய நேரில் சென்று பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. ஆண்டுக்கு ஏழு தடவை என்று இறங்கி வந்தது. மூன்றுக்குமேல் முடியாது என்றது ருஷ்யா. அந்த நான்கு தடவை வித்தியாசத்தில் முழுத் தடை கைநழுவிப் போயிற்று. நிலத்தடி வெடிப்பைத் தூரத்திலிருந்து அறிய முடியாது என்ற வாதத்திலும் எல்லாம் நேர்மையாக இல்லை: 1957-இல் நெவாடாவில் நடந்த முதல் நிலத்தடிச் சோதனையைச் சில நூறு மைல்களுக்கு அப்பால் யாரும் உணரவில்லை என்று அறிவித்த அமெரிக்க அணுசக்திக் கமிஷன், அலாஸ்காவில் 2,000 மைலுக்கு அப்பாலும் அது பதிவாகியிருந்ததை ஒரு பத்திரிகையாளர் கிளறி எடுத்தபின் திருத்தம் வெளியிட நேர்ந்தது. உடன்படிக்கைக்குப்பின் சோதனைகள் குறையவில்லை. பூமிக்குள் இறங்கின.

1969 நவம்பரில் ஹெல்சிங்கியில் தொடங்கிய ஆயுத வரையறைப் பேச்சு வார்த்தையில் நடந்த ஒரு சம்பவம் என் வாதத்துக்கு வேண்டிய பிரமாணங்களில் மிக ருசிகரமானது. மேஜைமீது இருந்த புள்ளிவிவரங்கள், ருஷ்ய ஆயுதங்களைப் பற்றியவை உட்பட, எல்லாம் அமெரிக்கர்கள் கொண்டுவந்தவை. ருஷ்யர்கள் தங்கள் கணக்கைத் தாங்கள் சொல்ல மறுத்தார்கள். ஒரு நாள் ருஷ்யத் தளபதி ஒகார்க்கோவ் அமெரிக்கப் பிரதிநிதி ஒருவரைத் தனியே அழைத்து, எங்கள் ஆயுத விவரங்களை எங்கள் ராஜதந்திரிகள் முன்னிலையில் இப்படி விஸ்தாரமாகப் பேசாதீர்கள், அவர்களுக்கு அவை தெரிய வேண்டியதில்லை என்ற கருத்துப்படச் சொன்னார். எதிரிக்குத் தெரிந்தது சொந்த ஊராருக்குத் தெரியலாகாது! ஆயினும் 1972 மே 26 அன்று நிக்ஸனும் பிரஷ்னேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 1955-இல் இடியோடு போன யோசனை வேறு வேஷத்தில் உள்ளே வந்தது. ஒருவர் செயற்கைக்கோளுக்கு மற்றவர் இடையூறு செய்வதில்லை என்றும், அதன் பார்வையிலிருந்து வேண்டுமென்றே மறைப்பதில்லை என்றும் இருவரும் வாக்களித்தார்கள். வேவு பார்ப்பதற்கு 'தேசியத் தொழில்நுட்ப வழிகள்' என்று பெயர். வானிலிருந்து எண்ணத்தக்கது எதுவோ அதற்கு வரம்பு கட்டினார்கள்: நிலத்திலிருந்து ஏவும் ஏவுகணைகள் அமெரிக்காவுக்கு 1,054, ருஷ்யாவுக்கு 1,618.

எண்ணத் தகாதது எஞ்சி நின்றது. ஓர் ஏவுகணையின் மூக்கு மூடிக்குள் ஒரு வெடிமுனை இருக்கிறதா, மூன்று இருக்கின்றனவா, பத்து இருக்கின்றனவா என்பதை விண்ணிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. ஒப்பந்தமும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே ஏவுகணைகள் பெருகாமலேயே வெடிமுனைகள் பெருகின, எழுபதுகளின் பத்தாண்டில் அமெரிக்காவின் நெடுந்தூர வெடிமுனைகள் இரண்டு மடங்குக்கு மேலாயின, ருஷ்யாவின் எஸ்.எஸ்.-18 ஒன்றில் பத்து வெடிமுனைகள் ஏறின. அடைத்த வாசலை விட்டுவிட்டுத் திறந்த ஜன்னல் வழியே போட்டி நடந்தது.

கண் இருந்தாலும் நம்பிக்கையில்லாத மனம் அதன் சாட்சியத்தை ஏற்பதில்லை என்பதற்கு 1976-இல் அமெரிக்க அரசாங்கம் நியமித்த 'பி அணி' உதாரணம். ருஷ்யர்களிடம் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் புதுமுறைச் சாதனம் ஏதும் இருப்பதாகத் தடயம் இல்லை என்ற செய்தியைப் பரிசீலித்த அக்குழு, தடயம் இல்லாததனாலேயே அது ஏற்கெனவே கைக்கு வந்திருக்கலாம் என்று எழுதிற்று. நம் தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு என்ன பெயரோ! கண்ணே பொய் சொன்ன சந்தர்ப்பங்களும் உண்டு. 1979 நவம்பரில் பயிற்சிக்கான நாடா ஒன்று தவறிச் சுழன்று, அமெரிக்க எச்சரிக்கைக் கணினிகளில் ருஷ்யத் தாக்குதல் தோன்றிற்று. 1983 செப்டம்பர் 26 அன்று, மேகங்களின்மேல் பட்ட சூரிய ஒளியை ஏவுகணைப் புறப்பாடாகக் கொண்டு, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக ருஷ்யச் செயற்கைக்கோள் அறிவித்தபோது, பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், யுத்தம் தொடங்குபவன் ஐந்தைக் கொண்டு தொடங்கமாட்டான் என்று யோசித்து, இயந்திரத்தை நம்பாமல் விட்டார்.

1986-இல் ருஷ்யக் கையிருப்பு ஏறத்தாழ 40,000 அணு ஆயுதங்கள் என்ற உச்சத்தை அடைந்தது. அதே ஆண்டு ஜூலையில், செமிபலாட்டின்ஸ்க் சோதனைக் களத்துக்கு அருகே கர்கரலின்ஸ்க் என்னுமிடத்தில், ருஷ்ய விஞ்ஞானக் கழகத்தின் அழைப்பின்பேரில் அமெரிக்க விஞ்ஞானிகள் பூகம்பமானிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். நாற்பது ஆண்டு இழுபறியில் அரசாங்கங்களுக்குக் கைகூடாதது இரு நாட்டு விஞ்ஞானிகளின் ஏற்பாட்டில் சில வாரங்களில் கைகூடிற்று. மறு ஆண்டு டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, நடுத்தர தூர ஏவுகணைகளில் அமெரிக்காவின் 846-ஐயும் ருஷ்யாவின் 1,846-ஐயும் அடியோடு அழித்தது. அதைவிட, மனிதனை மனிதன் நேரில் சென்று பார்க்கும் உரிமையைத் தந்தது. ஊரால் மலைகளுக்கு மேற்கே உள்ள வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலையின் வாசலில் அமெரிக்கர்களும், யூட்டாவில் மேக்னா என்ற ஊரின் தொழிற்சாலை வாசலில் ருஷ்யர்களும் குடியேறி, வெளிவரும் ரயில்பெட்டிகளின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்த ஏற்பாடுகளில் பல இன்று இல்லை. வோட்கின்ஸ்க் வாசலிலிருந்து அமெரிக்கர்கள் 2009 டிசம்பரில் வெளியேறினார்கள். 1987 உடன்படிக்கை 2019 ஆகஸ்டில் காலமாயிற்று. 2010-இல் பிராகில் செய்துகொண்ட ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தின்கீழ் நடந்த நேர்ப் பரிசோதனைகள் 2020-இல் கொள்ளைநோயால் நின்றவை மறுபடி தொடங்கவில்லை. 2023 பிப்ரவரியில் ருஷ்யா அதில் தன் பங்கை நிறுத்தி வைத்தது. அதற்கு முந்தைய 1991-ஆம் ஆண்டு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் அமலில் இருந்த நாட்களின் காட்சி ஒன்று மட்டும் என் மனத்தில் நிற்கிறது. துஷினோவின் பதினெட்டு விமானங்களைப் பார்த்துப் பயந்து கட்டிய அந்த பி-52 விமானங்களை, அரிஸோனாப் பாலைவனத்தில் டேவிஸ்-மாந்தன் தளத்தில் வரிசையாக நிறுத்தி, பாரந்தூக்கியில் கட்டிய பிரம்மாண்டமான கத்தியை மேலிருந்து விழவிட்டு, இறக்கை வேறு வால் வேறாகத் துண்டித்தார்கள். துண்டுகளை உடனே அப்புறப்படுத்தவில்லை. ருஷ்யச் செயற்கைக்கோள்கள் மேலே கடந்து செல்லும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ள வசதியாக, மூன்று மாத காலம் அவற்றை வெயிலில் அப்படியே கிடக்க விட்டார்கள்.